ஜீன் டிசைன் பண்றவங்களுக்கு: ப்ரோட்டீன் ஒழுங்கா மடியணும்னா கோடானை எப்படி தேர்ந்தெடுக்கணும்

வேற ஒரு உயிரினத்தோட ஜீனை ஈ. கோலைங்கற பாக்டீரியாக்குள்ள போட்டு ப்ரோட்டீன் எடுக்கப் போறீங்கன்னா, ஜீன் சின்தெசிஸ் பண்ணித் தர்ற கம்பெனி வெப்சைட்ல ஆப்டிமைஸ்னு ஒரு பட்டன் இருக்கும், சீக்வென்ஸைப் போட்டு அதை அழுத்தினா கொஞ்ச நேரத்துல புது டிஎன்ஏ கைக்கு வந்துடும், அமினோ அமிலம் ஒண்ணு கூட மாறியிருக்காது, கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கற மூணு எழுத்து) மட்டும் எக்கச்சக்கமா மாறியிருக்கும். நிறைய பேர் அதை அப்படியே ஆர்டர் போட்டுடறாங்க. அப்புறம் ஜெல்லுல நல்லா தடிமனா பேண்ட் வருது, ஆனா செல்லை உடைச்சு சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்திப் பாத்தா அத்தனையும் அடில பெல்லெட்ல இன்க்ளூஷன் பாடியா (தப்பா மடிஞ்சு கரையாம போன கட்டியா) உக்காந்திருக்கு, இல்லன்னா கரையுது ஆனா ஆக்டிவிட்டி பாதிதான் வருது. உடனே பஃபரை மாத்து, டேகை (சுத்தம் பண்ண வசதியா ப்ரோட்டீன்ல ஒட்டற துண்டு) மாத்துன்னு ஆரம்பிச்சிடுவாங்க, கோடானை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

அதனால அந்த பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும், எங்க வேகமான கோடான் போடணும், எங்க மெதுவானதை தொடாம விடணும், கடைசியா மடிப்பு மாறுச்சா இல்லையான்னு லேப்ல எப்படி உறுதி பண்ணணும்னு வரிசையா எழுதறேன்.

அடிப்படை, வேகமா ஒரு பார்வை

மொத்தம் 64 கோடான், அதுல 3 ஸ்டாப், மீதி 61 கோடான் 20 அமினோ அமிலத்துக்குப் பங்கு. லூசின், செரின், ஆர்ஜினின் மூணுக்கும் தலா 6 கோடான், மெத்தியோனினுக்கும் டிரிப்டோபேனுக்கும் ஒண்ணே ஒண்ணுதான். ஒரே அமினோ அமிலத்துக்கான கோடான்களை எல்லா உயிரினமும் ஒரே அளவுல பயன்படுத்தறதில்ல. அடிக்கடி வர்ற கோடானுக்கான டிஆர்என்ஏ (கோடானுக்கு ஏத்த அமினோ அமிலத்தைக் கொண்டு வர்றது) செல்லுல நிறைய இருக்கும், அரிதா வர்றதுக்கு கம்மியா இருக்கும்னு ஈ. கோலைல 1981லயே இகெமுரா காட்டிட்டார். டிஆர்என்ஏ கம்மின்னா சரியான ஆள் வந்து சேர்ற வரைக்கும், ப்ரோட்டீனைக் கோக்கற ரைபோசோம் அந்த கோடான்ல காத்திருக்கணும், அதான் மெதுவான கோடான்.

சரி, மெதுவானா என்ன, கொஞ்சம் லேட்டா முடியும், அவ்வளவுதானேன்னு தோணும். விஷயமே இங்கதான் இருக்கு. ஈ. கோலைல ரைபோசோம் ஒரு செகண்டுக்கு சுமாரா 10லருந்து 20 அமினோ அமிலம் வரைக்கும் சேர்க்கும், அப்போ 300 அமினோ அமிலம் உள்ள ஒரு ப்ரோட்டீன் முடிய 15லருந்து 30 செகண்ட் ஆகும். மடியறதுக்கு இந்த நேரம் ரொம்பப் பெருசு, நிறைய சின்ன டொமைன்கள் (ப்ரோட்டீன்ல தனியா மடியற பகுதிகள்) இதைவிட வேகமா மடிஞ்சிடும். அதனால சங்கிலி முழுசா வெளிய வர்ற வரைக்கும் எதுவும் காத்திருக்காது, முன்பக்கம் வெளிய வரவர மடிய ஆரம்பிச்சிடும், பின்பக்கம் இன்னும் ரைபோசோமுக்குள்ளயே உருவாகிட்டு இருக்கும். இதுல முன்பாதி தன்னோட மடிப்பை முடிக்கறதுக்குள்ள பின்பாதி வேகமா வெளிய வந்து அதோட ஒட்டிக்கிட்டா, தப்பான இடத்துல தப்பான ஜோடி சேர்ந்துடும். நடுவுல ஒரு சின்ன நிறுத்தம் இருந்தா முன்பாதிக்குத் தேவையான நேரம் கிடைக்கும். எல்லா நிறுத்தமும் நல்லதுன்னும் சொல்ல முடியாது, சில இடத்துல வேகமா போனாத்தான் அரைகுறையா வெளிய நீட்டிட்டு இருக்கற ஹைட்ரோபோபிக் (தண்ணியோட ஒட்டாத) துண்டு தப்பா மாட்டாம தப்பிக்கும்.

அமினோ அமில வரிசையே மடிப்பைத் தீர்மானிக்குதுன்னு ஆன்ஃபின்சன் ரைபோநியூக்ளியேஸ்ங்கற என்சைமை வச்சு காட்டினார், 1972ல அதுக்கு நோபல் பரிசும் கிடைச்சுது. அது இன்னைக்கும் உண்மைதான், ஆனா அது சின்ன ப்ரோட்டீன், டெஸ்ட் ட்யூப்ல நிதானமா திரும்ப மடிஞ்சது. செல்லுக்குள்ள பல டொமைன் உள்ள பெரிய ப்ரோட்டீனுக்கு எந்தப் பாதைல மடியுதுங்கறதும் முக்கியம், தப்பான பாதைல போயி ஒரு இடத்துல மாட்டிக்கிட்டா அங்கருந்து வெளிய வர முடியாமலே போகலாம்.

நம்பாதவங்களுக்கு சில உதாரணம். 1999ல கோமரும் கூட இருந்தவங்களும் குளோராம்ஃபெனிகால் அசிடைல்டிரான்ஸ்ஃபரேஸ்ங்கற என்சைமோட ஜீன்ல அரிதான கோடான்கள் கூட்டமா இருந்த ஒரு இடத்தை எடுத்து அதே அமினோ அமிலத்துக்கான அடிக்கடி வர்ற கோடானா மாத்தினாங்க, செல்-ஃப்ரீ சிஸ்டத்துல ப்ரோட்டீன் வேகமா வந்துச்சு, ஆனா ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டி (ஒரு மில்லிகிராமுக்கான ஆக்டிவிட்டி) சுமார் 20 சதவீதம் குறைஞ்சுது. 2007ல கிம்ச்சி-சர்ஃபாட்டி குழு மனுஷனோட எம்டிஆர்1 ஜீன்ல 3435ங்கற இடத்துல சி போய் டி வர்ற மாற்றத்தை ஆராய்ஞ்சாங்க. ஏடிசி ஏடிடி ஆகுது, ரெண்டுமே ஐசோலூசின்தான். ஆனாலும் அந்த ஜீன் தர்ற, மருந்தை செல்லுக்கு வெளிய தள்ளற பி-கிளைக்கோப்ரோட்டீனோட நடத்தை மாறுச்சு, வெரபமில், சைக்ளோஸ்போரின் ஏ மாதிரி தடுப்பான்கள் அதுகிட்ட வேற மாதிரி வேலை செஞ்சுது, ப்ரோட்டீனை வெட்டற என்சைமான டிரிப்சின் அதை வெட்டுற விதமும் வேறயா இருந்துச்சு. 2013ல நியூரோஸ்போராங்கற பூஞ்சைல உடல் கடிகார ப்ரோட்டீனான எஃப்ஆர்கியூவோட ஜீனை ஆப்டிமைஸ் பண்ணிப் பாத்தாங்க, ப்ரோட்டீன் அளவு கூடுச்சு, கடிகாரம் வேலை செய்யல. எனக்கு இதுல கடைசி உதாரணம்தான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா ஈ. கோலைக்கு வெளிநாட்டு ஜீனை கொண்டு வந்ததால வந்த கோளாறுன்னு அதைத் தள்ளிவிட முடியாது, அந்த உயிரினத்தோட சொந்த ஜீனே அது.

வேலைய ஆரம்பிக்கலாம்: சீக்வென்ஸும் ரெண்டு டேபிளும்

முதல்ல அசல் உயிரினத்தோட கோடிங் சீக்வென்ஸை எடுங்க. ப்ரோட்டீன் சீக்வென்ஸ் மட்டும் போதாது, ஏன்னா அதை வச்சு பேக்-டிரான்ஸ்லேட் (அமினோ அமிலத்துலருந்து டிஎன்ஏவை ஊகிக்கறது) பண்ணா எங்க மெதுவா இருந்துச்சுங்கற தகவல் மொத்தமா போயிடும். உங்களுக்கு வேண்டிய ஐசோஃபார்முக்கான (ஒரே ஜீன்லருந்து வர்ற ப்ரோட்டீன் வடிவங்கள்ல ஒண்ணு) சரியான டிரான்ஸ்கிரிப்டான்னும் பாத்துக்கோங்க. அப்புறம் அசல் உயிரினம், ஹோஸ்ட் (ஜீனை ஓட்டப் போற உயிரினம்) ரெண்டுக்கும் கோடான் யூசேஜ் டேபிளை பக்கத்துல பக்கத்துல வைங்க.

ஆர்ஜினினை மட்டும் எடுத்து போட்டுப் பாத்தாலே விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சிடும். மனுஷனோட ஜீன்கள்ல ஆர்ஜினினுக்கு ஏஜிஏ, ஏஜிஜி, சிஜிஜி மூணும் தலா சுமார் 20 சதவீதம், சிஜிசி அதைவிட கொஞ்சம் கம்மி, சிஜிஏ 11 பக்கம், சிஜிடி வெறும் 8 பக்கம். ஈ. கோலைல சிஜிசியும் சிஜிடியும் தலா 40 சதவீதத்தை ஒட்டி, சிஜிஜி 10 பக்கம், சிஜிஏ 6, ஏஜிஏ 4, ஏஜிஜி 2 பக்கம். இப்போ மனுஷ ஜீனை அப்படியே ஈ. கோலைக்குள்ள விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. அங்க சாதாரணமா ஓடின ஏஜிஜி இங்க ரொம்ப மெதுவான இடமா மாறிடுது, அங்க அரிதா இருந்த சிஜிடி இங்க பாய்ஞ்சு போற இடமா மாறிடுது. வேகத்தோட படமே தலைகீழா திரும்பிடுது. ஆப்டிமைஸ் பண்ணா தலைகீழாகாது, ஆனா மேடு (வேகமான இடம்) பள்ளம் (மெதுவான இடம்) எல்லாம் போயி சமதரையாகிடும். நமக்கு ரெண்டும் வேணாம், அசல்ல எங்க மேடு எங்க பள்ளமோ அதே இடத்துல இங்கயும் வரணும். இதுக்கு ஹார்மனைசேஷன்னு பேரு, மலேரியா ஒட்டுண்ணியோட ப்ரோட்டீன்களை ஈ. கோலைல கரையற மாதிரி எடுக்க இந்த வழிய நல்லாவே பயன்படுத்தியிருக்காங்க.

கணக்கு கஷ்டமில்ல, ஸ்ப்ரெட்ஷீட்லயே முடிச்சிடலாம். ஒவ்வொரு கோடானோட சதவீதத்தையும் அந்த அமினோ அமிலத்துல அதிகபட்சமா இருக்கறதால வகுங்க. மனுஷன்ல சிஜிடிக்கு 8ஐ 21ஆல வகுத்தா 0.38 வருதுன்னு வைங்க. ஈ. கோலைல சிஜிசி 1, சிஜிடி 0.95 கிட்ட, சிஜிஜி 0.25, சிஜிஏ 0.15, ஏஜிஏ 0.1, ஏஜிஜி 0.05. 0.38க்கு பக்கத்துல இருக்கறது சிஜிஜி, அதைப் போடுங்க. அசல்ல ஏஜிஜி இருந்த இடத்துக்கு சிஜிசியோ சிஜிடியோ. இப்படியே முழு ஜீனுக்கும். ஏஜிஜியையும் ஏஜிஏவையும் நான் ரொம்ப அவசியம்னாதான் போடுவேன், அதுலயும் ரெண்டு ஏஜிஜி ஒட்டி ஒட்டி வந்தா கண்டிப்பா பிரிச்சிடுவேன், அங்க ரைபோசோம் ஃப்ரேம் தவறலாம் (மூணு மூணா படிக்கற கணக்கு பிசகலாம்), பாதிலயே கழண்டு துண்டு ப்ரோட்டீனா விடலாம்.

ஒரு எச்சரிக்கை, கோடான் எவ்வளவு அடிக்கடி வருதுங்கறதும் எவ்வளவு வேகமா படிக்கப்படுதுங்கறதும் ஒண்ணு இல்ல. மூணாவது எழுத்து வாபிள் ஜோடியா (கச்சிதமா இல்லாம தளர்வா) சேர்ந்தா டிஆர்என்ஏ இருந்தும் படிக்கறது தடுமாறலாம். ஈஸ்ட்ல சிஜிஏவை ஐனோசின் உள்ள டிஆர்என்ஏதான் படிக்கணும், ரெண்டு சிஜிஏ அடுத்தடுத்து வந்தா நல்லாவே சிக்கிக்கும். அதனால முடிஞ்சா டிஆர்என்ஏ ஜீன் எண்ணிக்கையையும் வாபிளையும் கணக்குல எடுக்கற டிஏஐ (டிஆர்என்ஏ அடாப்டேஷன் இண்டெக்ஸ்) மதிப்பையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க, ரெண்டு கணக்கும் ஒரே இடத்தை மெதுவானதுன்னு காட்டுச்சுன்னா அந்த இடத்தை நம்பலாம்.

நிறுத்தம் எங்க இருக்கணும்

ரொம்பப் பேர் கோட்டை விடற இடம் இது. டொமைன் முடியற இடத்துலயே மெதுவான கோடானை வச்சா பிரயோஜனம் இல்ல, ஏன்னா அந்த நேரத்துல டொமைனோட வால் இன்னும் ரைபோசோமோட வெளியேறும் சுரங்கத்துக்குள்ளதான் இருக்கும். அந்தச் சுரங்கம் நீளமா இருக்கற சங்கிலில சுமார் 30லருந்து 40 அமினோ அமிலத்தை உள்ள பிடிச்சு வச்சிருக்கும், உள்ளயே ஹெலிக்ஸா சுருண்டா இன்னும் கூட பிடிக்கும். அதனால டொமைன் 110வது அமினோ அமிலத்துல முடியுதுன்னா மெதுவான பகுதி 140லருந்து 150வது கோடான் பக்கம் இருக்கணும், அப்போதான் முழு டொமைனும் வெளிய வந்திருக்கும்போது ரைபோசோம் கொஞ்சம் தயங்கும்.

டொமைன் எல்லை தெரிய ஸ்ட்ரக்ச்சர் இருந்தா அதைப் பாருங்க, இல்லன்னா வடிவத்தைக் கணிக்கற ஆல்ஃபாஃபோல்டு ப்ரோக்ராமோட மாடல் போதும். எல்லை ஒவ்வொண்ணையும் குறிச்சு 30ம் 40ம் கூட்டி ஒரு காலம்ல எழுதிக்கோங்க, அசல் ஜீனோட கோடான் படத்தை 15லருந்து 20 கோடான் அகலத்துல சராசரி எடுத்து வரைஞ்சு ரெண்டையும் மேல மேல வச்சுப் பாருங்க. பள்ளம் ஒண்ணு உங்க கணக்கு சொன்ன இடத்துல விழுந்திருந்தா அதை உயிரைக் கொடுத்தாவது காப்பாத்துங்க. தனியா ஒரே ஒரு அரிதான கோடான் அங்கங்க இருக்கறதுக்கு நான் அவ்வளவு மதிப்பு கொடுக்க மாட்டேன், கூட்டமா இருக்கறதுக்குத்தான் கொடுப்பேன். நெருங்கின உறவுள்ள சில இனங்களோட அதே ஜீன்லயும் அதே இடத்துல பள்ளம் இருந்தா இன்னும் நம்பிக்கையா சொல்லலாம், பரிணாமம் அதை விட்டு வச்சிருக்குன்னா காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜீனோட தொடக்கத்தைத் தனியா கவனிங்க

முதல் 15 கோடானுக்கு, இதுவரைக்கும் சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாது. அங்க முக்கியம் எம்ஆர்என்ஏ தனக்குத்தானே சுருண்டு ரைபோசோம் உக்கார்ற இடத்தை மூடாம இருக்கறது. 2009ல குட்லா குழு, ஒளிர்ற ப்ரோட்டீனான ஒரே ஜிஎஃப்பிக்கு 154 விதமா கோடான் மாத்தி ஈ. கோலைல ஓட்டினாங்க, வெளிச்சத்துல 250 மடங்கு வரைக்கும் வித்தியாசம் வந்துச்சு, அதுல பாதிக்கு மேல விளக்கினது தொடக்கத்துல எம்ஆர்என்ஏ எவ்வளவு இறுக்கமா சுருளுதுங்கறதுதான். அதனால தொடக்கத்துல ஜிசி கம்மியா, ஏயும் டியும் கூட வர்ற கோடானா போடுங்க, ஆர்என்ஏ ஃபோல்டிங் ப்ரோக்ராம் ஒண்ணுல போட்டு தளர்வா இருக்கான்னு பாருங்க.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைச் சொல்றேன். நீங்க ரெண்டு மூணு வெர்ஷனை ஒப்பிடப் போறீங்கன்னா எல்லா வெர்ஷன்லயும் இந்த முதல் 15 கோடானும் அதுக்கு முன்னாடி இருக்கற பகுதியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணாவே இருக்கட்டும். இல்லன்னா வித்தியாசம் வந்தா அது தொடக்க வேகத்தால வந்துச்சா, நடுவுல மடிப்பால வந்துச்சான்னு பிரிக்கவே முடியாது.

அப்புறம் சில்லறை வேலைகள்: உள்ளுக்குள்ள ஏஜிஜிஏஜிஜி மாதிரி ஷைன்-டல்கார்னோவை (ரைபோசோம் வந்து உக்கார்ற வரிசை) ஒத்த துண்டு வராம, நீளமா ஏ வரிசை வராம, நீங்க க்ளோனிங்குக்கு வச்சிருக்கற ரெஸ்ட்ரிக்‌ஷன் சைட் (என்சைம் டிஎன்ஏவை வெட்டற இடம்) உள்ள வராம பாத்துக்கோங்க. ஹோஸ்ட் பாலூட்டி செல்லுன்னா புதுசா ஸ்ப்ளைஸ் சைட் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டற இடம்) உருவாகுதான்னும் கட்டாயம் பாக்கணும்.

எத்தனை வெர்ஷன், எந்த ஸ்ட்ரெய்ன்

காசு இருந்தா மூணு: அசல் அப்படியே, ஃபுல்லா ஆப்டிமைஸ் பண்ணது, ஹார்மனைஸ் பண்ணது. ரெண்டுக்குத்தான் முடியும்னா அசலை விட்டுடுங்க. நாலாவது ஒண்ணு முடியுமான்னா, ஆப்டிமைஸ் பண்ணதுலயே அந்த ஒரு முக்கியமான பள்ளத்தை மட்டும் திரும்ப வச்சது. அது மட்டும் மடிப்பை மீட்டுச்சுன்னா காரணம் அந்த இடம்தான்னு அடிச்சு சொல்லலாம், இதைவிட சுத்தமான ஆதாரம் கிடைக்கறது கஷ்டம். ப்ளாஸ்மிட், ப்ரோமோட்டர், டேக் எல்லாத்துலயும் ஒண்ணே.

ஸ்ட்ரெய்ன் விஷயத்துல ஜாக்கிரதை. ரோசெட்டா மாதிரி ஸ்ட்ரெய்ன்ல அரிதான கோடானுக்கான டிஆர்என்ஏக்களை கூடுதலா ஒரு ப்ளாஸ்மிட்ல கொடுத்திருப்பாங்க, ஏஜிஏ, ஏஜிஜி, ஏடிஏ, சிடிஏ, சிசிசி, ஜிஜிஏக்கானது. அசல் மனுஷ ஜீனை ஓட்டறதுக்கு அது அருமை. ஆனா நீங்க கஷ்டப்பட்டு ஏடிஏவும் சிடிஏவும் வச்சு உருவாக்கின நிறுத்தத்தை அது நிரப்பி விட்டுடும், அப்போ ஹார்மனைஸ் பண்ணதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். ஹார்மனைஸ் பண்ண ஜீனுக்கு சாதாரண பிஎல்21 ஸ்ட்ரெய்ன் போதும்.

டி7 ப்ரோமோட்டரை (ஜீனை ஓட வைக்கற சுவிட்ச்) முழு வேகத்துல திறந்து விடாதீங்க. ஒரே எம்ஆர்என்ஏ செல்லை நிரப்புனா டிஆர்என்ஏ கையிருப்பே குலைஞ்சு எது மெதுவான கோடான்ங்கறதே மாறிடும். அந்த சுவிட்சைத் திறக்கற ஐபிடிஜி 0.1 மில்லிமோலார், 18லருந்து 20 டிகிரி, ராத்திரி முழுக்க, இதுல ஆரம்பிங்க. ஆனா வெர்ஷன்களுக்கு நடுவுல வித்தியாசம் தேடும்போது 37 டிகிரிலயும் ஒரு செட் ஓட்டுங்க, குளிர்ல எல்லாமே மெதுவா போறதால கோடான் வித்தியாசம் மறைஞ்சிட வாய்ப்பு இருக்கு.

மடிப்பு மாறுச்சான்னு கண்டுபிடிக்கறது

ஜெல்லுல பேண்ட் தடிமனை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க, அது அளவு மட்டும்தான். முதல் கேள்வி, மொத்தத்துல எவ்வளவு பங்கு கரையற பகுதில இருக்கு. ரெண்டாவது கேள்வி, சுத்தம் பண்ண ப்ரோட்டீன்ல ஒரு மில்லிகிராமுக்கு ஆக்டிவிட்டி எவ்வளவு. இந்த ரெண்டாவதுதான் உயிர்நாடி, ஏன்னா கரையறதெல்லாம் சரியா மடிஞ்சதுன்னு அர்த்தமில்ல.

மூணாவது, எனக்குப் பிடிச்சது, அளவா டிரிப்சின் போட்டு வெட்டிப் பாக்கறது. டிரிப்சின் லைசின், ஆர்ஜினினுக்கு அப்புறம் வெட்டும், உங்க எல்லா வெர்ஷன்லயும் அமினோ அமில வரிசை ஒண்ணுதான், வெட்டற இடங்களும் ஒண்ணுதான், அதனால வெட்டுப்படற வேகத்துல வித்தியாசம் வந்தா அது வடிவத்துலருந்துதான் வரணும். எல்லா வெர்ஷனையும் ஒரே செறிவுக்கு கொண்டு வாங்க, 0.5 மில்லிகிராம் ஒரு மில்லிக்கு இருந்தா வசதி. எடைல 500க்கு 1ங்கற கணக்குல டிரிப்சின் சேர்த்து 25 டிகிரில வைங்க, 0, 2, 5, 10, 30, 60 நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து உடனே எஸ்டிஎஸ் சாம்பிள் பஃபர்ல போட்டு கொதிக்க வைங்க, சும்மா ஐஸ்ல வச்சா டிரிப்சின் மெதுவா வெட்டிக்கிட்டேதான் இருக்கும். ஜெல்லுல ஓட்டுனா ஒரு வெர்ஷன்ல முழு நீள பேண்ட் 30 நிமிஷம் தாங்கும், இன்னொண்ணுல 5 நிமிஷத்துல காணாம போயி நடுவுல ஒரு துண்டு தெரியும், அந்தத் துண்டோட சைஸ் எந்த டொமைன் தளர்வா இருக்குன்னு சொல்லிடும். முதல் தடவைல எல்லாம் ஒரேயடியா வெட்டுப்பட்டா டிரிப்சினைக் குறைங்க. சிடி ஸ்பெக்ட்ரம் (மொத்தமா எவ்வளவு ஹெலிக்ஸ், ஷீட்னு காட்டறது) மட்டும் எடுத்துட்டு வித்தியாசம் இல்லன்னு எழுதாதீங்க, சின்னதா ஒரு பகுதி தளர்ந்திருந்தா அதுல தெரியாம போகலாம்.

மடிப்புதான் காரணம்னு சொல்றதுக்கு முன்னாடி மத்த காரணங்களைத் தள்ளணும். கோடான் எம்ஆர்என்ஏ எவ்வளவு நாள் தாங்கும்ங்கறதையும் மாத்தும், அதனால க்யூபிசிஆர் பண்ணி எம்ஆர்என்ஏ அளவைப் பாருங்க. ஈ. கோலைல ஏஜிஏ, ஏஜிஜி இடத்துல ஆர்ஜினினுக்குப் பதிலா லைசின் தப்பா ஏறிடறது உண்டு, மாஸ் ஸ்பெக்ல முழு ப்ரோட்டீனோட எடை 28 டால்டன் குறைவா ஒரு பீக் தெரிஞ்சா அதுதான். அது மடிப்புக் கதை இல்ல, வரிசையே மாறின கதை. மனுஷ ஜீன்ல நோயோட தொடர்புள்ள சைனானிமஸ் (அமினோ அமிலம் மாறாத) மாற்றத்தை ஆராய்றவங்க ஸ்ப்ளைசிங்கைத்தான் முதல்ல பாக்கணும். எஸ்எம்என்2 ஜீன்ல 7வது எக்ஸான்ல (எம்ஆர்என்ஏல சேர வேண்டிய ஜீன் துண்டு) ஒரு சி டி ஆகுது, அமினோ அமிலம் மாறல, ஆனா அந்த எக்ஸானே பெரும்பாலான எம்ஆர்என்ஏல விட்டுப்போயிடுது, எஸ்எம்என்1 கெட்டுப்போனவங்களுக்கு ஸ்பைனல் மஸ்குலர் அட்ரஃபிங்கற தசை நலிவு நோய் வர்றதும், எஸ்எம்என்2 அதை முழுசா ஈடுகட்ட முடியாததும் இதனாலதான். அங்க ரைபோசோம் வேகத்துக்கு எந்த வேலையும் இல்ல.

கடைசியா, உங்க ப்ரோட்டீனுக்கு இந்த மெனக்கெடல் தேவையான்னு முன்கூட்டியே ஓரளவு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கைல ஏற்கனவே கொஞ்சம் நல்ல ப்ரோட்டீன் இருந்தா 8 மோலார் யூரியால முழுசா அவிழ்த்து, மெதுவா யூரியாவை எடுத்து, ஆக்டிவிட்டி திரும்புதான்னு பாருங்க. முழுசா திரும்புச்சுன்னா அது தானாவே வழி கண்டுபிடிச்சு மடியற ரகம், கோடான் வேகம் பெருசா பாதிக்க வாய்ப்பு கம்மி, ஆப்டிமைஸ் பண்ணதையே ஆர்டர் போடுங்க. திரும்பவே இல்லன்னா, அதுலயும் ரெண்டு மூணு டொமைன் உள்ளதுன்னா, மேல சொன்னதை ஒண்ணு விடாம செய்யுங்க. எல்லாம் செஞ்சும் வெர்ஷன்களுக்குள்ள ஸ்பெசிஃபிக் ஆக்டிவிட்டியும் டிரிப்சின் பேட்டர்னும் ஒண்ணாவே இருந்தா அதிகமா ப்ரோட்டீன் தர்றதை எடுத்துக்கிட்டு, ஷாப்பரோன் (மடிய உதவற ப்ரோட்டீன்) கூட சேர்த்து ஓட்டறது, வேற டேக், வேற ஹோஸ்ட்னு அந்தப் பக்கம் போயிடுங்க.